புதுக் காருக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்

பெரகல சந்தியில் வீதி இரண்டாகப் பிரிகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாக ஏறி வரும் ஏ4 வீதி இங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கமாக இறங்கி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என்று போய் மட்டக்களப்பில் முடிகிறது. மற்ற வீதி ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஏறுகிறது. ஆகவே மட்டக்களப்பில் இருந்து இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லலாம்: உங்கள் வீட்டுக்கு அருகே ஓடும் அதே வீதியின் மேட்டுப் பகுதிதான் எங்கள் ஊர்.

இந்தச் சந்தியில் நின்று பார்த்தால் நாட்டின் வாகன நிலவரம் தெரியும். 2020 மார்ச் மாதம் கொரோனாவோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன் பின் ஐந்து வருடமாகப் பழைய வாகனங்களே மேலும் பழசாகி இந்த மேட்டில் இருமிக்கொண்டு ஏறின. 2025 பெப்ரவரியில் சொந்தப் பாவனைக்கான கார்களையும் இறக்குமதி செய்ய மறுபடியும் அனுமதி கிடைத்தது. இப்போது நம்பர் தகடு பளபளக்கும் கார்கள் எல்லவுக்கும் லிப்டன் சீட்டுக்கும் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. அவற்றைப் பார்க்கும் தோட்டத்து இளைஞர்களுக்கு ஆசை வருவது இயல்பு. அந்த ஆசைக்குக் காசு எங்கிருந்து வரும் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையிலிருந்துதான். தாயின் சேமலாப நிதி, குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்யும் தங்கையின் சேமிப்பு, மனைவியின் நகை என்று அது சேருகிறது.

அப்படியொரு குடும்பம் என்னிடம் ஆலோசனைக்கு வந்தது. அந்த அக்காவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் ஊவாவிலே பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு சிறு பிள்ளையாக இருக்கும்போதே பெற்றோரோடு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார். மலையகத்திலிருந்து அந்தக் காலத்தில் அப்படி வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அங்கேயே வளர்ந்து, அங்கேயே திருமணமாகி, இரண்டு பிள்ளைகள். 2009இல் கணவர் காணாமற் போனார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பிள்ளைகளோடு இருந்து, பிறகு வேறு வழியின்றி அண்ணன் வீட்டை நம்பிப் பெரகலப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்துக்கே திரும்பி வந்தார். போன இடமும் ஊராகவில்லை, வந்த இடமும் ஊராகவில்லை என்று சொல்வார். லயத்தில் ஒரு காம்பராவும் இஸ்தோப்பும். கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கினார். மகன் பண்டாரவளையில் வேறொருவரின் வானை ஓட்டுகிறார். மகள் குவைத்தில் ஆறு வருடமாக வீட்டு வேலை செய்கிறார்.

"மிஸ், மகன் சொல்றான், புதுக் காரா ஓடர் பண்ணி எடுத்தா சுத்துலாக்காரவங்களக் கூட்டிக்கிட்டுப் போகலாம், மாசம் ரெண்டு லட்சம் வருமாம். ஏஜெண்டு ஆளு வர்ற பதினைஞ்சாந் தேதிக்குள்ள முற்பணம் கட்டச் சொல்றாரு. என்ன செய்றது?"

கையில் இருந்தது 21 இலட்சம் ரூபா. அதில் 3 இலட்சம் அக்காவின் சேமலாப நிதி. மிச்சம் முழுவதும் மகள் அனுப்பியது.

ஓடர் பண்ணுவது என்றால் என்ன?

கடையில் புடவை எடுப்பது போல் காரைப் பார்த்துக் கையில் வாங்குவது ஒரு வகை. ஓடர் பண்ணுவது வேறு. ஏஜெண்டிடம் போய் எந்த மொடல், எந்த நிறம், எத்தனை எயார்பேக், பின்பக்கக் கமரா வேண்டுமா, டேர்போ வேண்டுமா என்றெல்லாம் நாமே தெரிவு செய்கிறோம். அதன்படி ஜப்பானிலோ இந்தியாவிலோ இருந்து எடுப்பிக்கிறார்கள். பாவித்த கார் என்றால் ஜப்பான் ஏலத்தில் எடுப்பார்கள். அந்த ஏலத்தின் பரிசோதனைத் தாளில் காரின் நிலையும் ஓடிய தூரமும் எழுதப்பட்டிருக்கும். 2025இல் இறக்குமதி திறந்தபோது மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய கார்களைக் கொண்டுவர முடியாது என்ற நிபந்தனையும், தனியாள் ஒருவர் பன்னிரண்டு மாதத்தில் ஒரு வாகனம் மட்டுமே கொண்டுவரலாம் என்ற நிபந்தனையும் இருந்தன. வங்கியில் எல்.சி. திறக்க வேண்டும் (வங்கித் தமிழில் நாணயக் கடிதம் என்பார்கள்). கப்பல் அம்பாந்தோட்டைக்கோ கொழும்புக்கோ வரும். சுங்கத்தில் வரி கட்டி எடுத்து, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும்.

இதைப் படிக்கும்போது ஒழுங்கான காரியமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஓடர் கொடுக்கும் நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் இடையில் பல வாரங்களோ மாதங்களோ போகும். அந்த இடைவெளியில் மூன்று விடயங்கள் மாறக்கூடும்: டொலர் விலை, வரி, அரசாங்கத்தின் சட்டம். மூன்றும் நம் கையில் இல்லை.

டொலரை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. இரண்டே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அப்போது கார் இறக்குமதி மூடியே இருந்ததால் கார் ஓடர் பண்ணியவர்கள் தப்பினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பால்மாவுக்கும் மருந்துக்கும் நாம் எல்லோரும் அந்த விலையைக் கொடுத்தோம். அப்படி ஒரு மாற்றம் கார் கடலில் வந்துகொண்டிருக்கும்போது நடந்தால் கூடுதல் காசை யார் கட்டுவது? அது ஏஜெண்டுடன் செய்யும் எழுத்தில் இருக்க வேண்டும். "அது பாத்துக்கலாம்" என்ற வாய்ப்பேச்சு போதாது.

சட்டம் மாறுவதும் அப்படியே. 2020இல் திடீரென்று மூடப்பட்டபோது, காசு கட்டி விட்டுக் காத்திருந்தவர்கள் நடுவில் அகப்பட்டார்கள். தடைக்குப் பிறகு வந்து இறங்கிய வாகனங்கள் துறைமுகத்திலேயே வெயிலிலும் மழையிலும் கிடந்தன.

வரி எவ்வளவு என்பதையும் பலர் கேட்பதில்லை. 2025இல் அறிவிக்கப்பட்ட கணக்கின்படி 1000 சிசிக்குக் குறைந்த சிறிய பெற்றோல் காருக்கும் கலால் வரி மட்டுமே 20 இலட்சத்துக்கு மேல். அதற்கு மேல் சுங்க வரி. இந்த வரிகளையும் விலையோடு சேர்த்து, அந்த மொத்தத்தின் மீது 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. அதாவது வரிக்கும் வரி கட்டுகிறோம். ஆகவேதான் ஜப்பானில் சாதாரணக் குடும்பங்கள் ஓட்டும் 660 சிசி சின்னக் கார், புதிதாக இங்கே இறங்கும்போது 70 இலட்சத்தை ஒட்டி நின்றது. அக்காவின் மகன் பார்த்து வைத்திருந்ததும் அந்த விலைக் கார்தான். முச்சக்கர வண்டியே புதிதாக எடுத்தால் 2025இல் 20 இலட்சத்தைத் தொட்டது.

தோட்டத்துச் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 1550 ரூபாவும் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவும் என்று அறிவித்தார்கள். அந்த 1750 ரூபாவைச் சாப்பாடு, உடுப்பு எதற்கும் தொடாமல் சேர்த்து வைத்தாலும், 70 இலட்சத்துக்கு 4000 நாள் கொழுந்து எடுக்க வேண்டும்.

தவணைக் கணக்கு

70 இலட்சத்தில் முழுவதையும் லீசிங் எடுக்க முடியாது. மத்திய வங்கி இதற்கு ஒரு வரம்பு வைக்கிறது. 2025 யூலையில் தனியார் கார்களுக்குப் பெறுமதியில் 60 சதவீதம் வரைதான் என்று விதித்தது. வருட முடிவுக்குள் அது மேலும் இறுக்கப்பட்டது. 60 என்றே வைத்தாலும் 28 இலட்சம் கையில் இருக்க வேண்டும். மிச்சம் 42 இலட்சம் லீசிங்.

இந்த இடத்தில் எல்லாச் சகோதரிகளும் ஒரு கொப்பியை எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். கார் வாங்காதவர்களும்தான். மோட்டார் சைக்கிள், தையல் மெசின், பிரிட்ஜ் எதுவானாலும் இந்தக் கணக்குத்தான்.

உதாரணத்துக்கு, 42 இலட்சத்தை ஐந்து வருடத்துக்கு 14 சதவீத வட்டியில் எடுப்பதாக வைப்போம். வட்டியைக் கணக்கிடுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போடுவது. இந்த முறையில் மாதத் தவணை ஏறக்குறைய 97,700 ரூபா. மற்றது, முதலில் வாங்கிய 42 இலட்சத்துக்கே ஐந்து வருடமும் வட்டி போடுவது. பிளாட் ரேட் என்று சொல்வார்கள். அதில் மாதத் தவணை 119,000 ரூபா. இரண்டிலும் சொல்லப்படுவது அதே 14தான். ஆனால் ஐந்து வருட முடிவில் வித்தியாசம் 12 இலட்சத்துக்கும் மேல். ஆகவே "எத்தனை வீதம்?" என்று கேட்டால் போதாது. "எந்த முறையில் வீதம்? மொத்தமாக எத்தனை ரூபா கட்டி முடிப்பேன்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

தவணையோடு முடிவதுமில்லை. லீசிங்கில் எடுக்கும் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி வேண்டும். ஹயர் ஓடுவதென்றால் அதையும் காப்புறுதியில் சொல்லி எடுக்க வேண்டும். சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டுக் கூலிக்கு ஆட்களை ஏற்றும்போது விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி கை விரித்துவிடும். வருடாவருடம் புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். பிறகு டயர். இந்த மலைப் பாதையில் பிரேக்கும் டயரும் கொழும்பில் உழைப்பதைப் போல உழைக்காது. 660 சிசிக் காரில் நான்கு வெள்ளைக்காரரையும் அவர்களது மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வெல்லவாயப் பக்கமிருந்து பெரகலவுக்கு ஏறிப் பார்த்தால் அந்த எஞ்சின் படும் பாடு தெரியும். தாழ்வான கார் தோட்டத்து ரோட்டில் அடி தட்டும். மின்சாரக் கார் எடுப்போம் என்று மகன் ஒருமுறை சொன்னார். லயத்துக் காம்பராவில் இருக்கும் மின்சார இணைப்பில் ஒரு அயர்ன் பொக்ஸ் போட்டாலே பக்கத்துக் காம்பராவில் வெளிச்சம் மங்குகிறது, அதில் காரை எங்கே சார்ஜ் பண்ணுவது?

வருமானப் பக்கத்துக்கு வருவோம். மாதம் இரண்டு இலட்சம் என்பது ஏஜெண்டு சொன்ன கணக்கு. மகன் ஓட்டும் வானின் ஹயர்களை ஒரு கொப்பியில் எழுதி வரும்படி கேட்டேன். பொறுப்பான பிள்ளை, எழுதினார். 2025 ஓகஸ்டில் 19 ஹயர். ஒக்டோபரில் 9. நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் இறந்த அந்த அனர்த்தத்தில் பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. மண்சரிவில் வீதிகள் அடைபட்டன, மலையக ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டது. டிசம்பரில் மகனின் கொப்பியில் 2 ஹயர். அதில் ஒன்று நிவாரணச் சாமான் ஏற்றிப் போனது, காசு வாங்கவில்லை.

இது ஒரு தடவை மட்டும் வந்த கஷ்டமல்ல. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு உல்லாசப் பயணிகள் வரவில்லை. 2020இல் கொரோனா. 2022இல் எரிபொருள் இல்லை. அந்த வருடம் கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. பிறகு 2025 நவம்பர். ஏழு வருடத்துக்குள் நான்கு முறை சக்கரம் நின்றது. ஐந்து வருட லீசிங்கை இந்த ஏழு வருடத்தில் எங்கே வைத்துப் பார்த்தாலும் ஒரு முறையாவது அகப்படுவோம். சக்கரம் நின்ற மாதத்திலும் தவணை நிற்பதில்லை. சலுகைக் காலம் கொடுத்தபோதும் வட்டி பின்னால் சேர்ந்துகொண்டே வந்ததைப் பலர் பின்னர்தான் கண்டார்கள்.

யாருடைய பெயரில்?

சமூகவியல் படித்தபோது குடும்பத்தின் சொத்தும் அதிகாரமும் யார் கையில் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். வாகனத்தின் சீ.ஆர். புத்தகத்தை விரித்தால் அது ஒரே பக்கத்தில் தெரியும். லீசிங் எடுத்த வாகனத்தில், பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்று நமது பெயர் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டும் வரை வாகனம் கம்பனியுடையது. நாம் பாவிப்பவர்கள். தவணை தவறினால் அவர்கள் எடுத்துச் செல்வது அதனால்தான். எடுத்துப் போய் ஏலத்தில் விற்று, கடன் தீராவிட்டால் மிச்சத்தை நம்மிடமே கேட்பார்கள். நம்மிடம் இல்லாவிட்டால் பிணை நின்றவரிடம் கேட்பார்கள்.

பிணை நிற்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கும். யுத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வீதிக்கு வீதி கிளை திறந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணவனை இழந்த பெண்களின் வாசலில் வாரத் தவணைக்கு ஆட்கள் வந்து நின்றதையும் அறிவீர்கள். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி வருடத்துக்கு 220 சதவீதம் வரை போவதாகச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன் நிலுவைகளுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அது நுண்கடனுக்கு. மகனுக்காகவோ தம்பிக்காகவோ கையெழுத்துப் போட்டு எடுத்த வாகன லீசிங்குக்கு அப்படி யாரும் வந்து தள்ளுபடி செய்யவில்லை.

பெண்ணின் காசு, பெண்ணின் கையெழுத்து, ஆணின் பெயர், ஆணின் சாவி. எங்கள் பக்கம் நான் பார்த்த வாகனங்களில் பல இப்படித்தான். மகன்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இந்த அக்காவின் மகன் குடிக்காதவர், தாயைப் பார்க்கிறவர். ஆனாலும் மகனுக்குத் திருமணமாகி மூன்று வருடம். நாளைக்கு அவர் தனிக் குடித்தனம் போனால் கார் யாரோடு போகும், தவணை யாரோடு இருக்கும் என்று கேட்டேன். வீட்டில் அதை அதுவரை ஒருவரும் பேசியிருக்கவில்லை. மருமகள் மட்டும், "அத நானும் நெனைச்சேன் மிஸ்" என்று மெதுவாகச் சொன்னார்.

28 இலட்சத்துக்கு இன்னும் 7 இலட்சம் வேண்டும் அல்லவா? அதற்கு மகன் வைத்திருந்த யோசனை இரண்டு. ஒன்று, மாதர் சங்கத்தில் கடன். மற்றதைச் சொல்லும்போது அவர் நிலத்தைப் பார்த்தார். அக்காவின் தாலிக்கொடி.

கணவர் காணாமற் போன நாளிலிருந்து இன்று வரை அவர் அதைக் கழற்றவில்லை. இறந்ததாகப் பத்திரம் எடுக்கவும் இல்லை. மெனிக் பாமில் பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசில்லாத நாளிலும் அதை அடகு வைக்கவில்லை. "அவரு வந்து, கொடி எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று மகனிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் இல்லை என்று தெரிந்தே கேட்டார். மகன் எழுந்து வெளியே போய் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டார்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடகுக் கடையில் அது இத்தனை பவுண் என்று நிறுக்கப்படும். அந்த நிறைக்குள் வராதது எதுவோ அதைத்தான் அவர் கழுத்தில் போட்டிருக்கிறார்.

ஆசையைக் குறை சொல்ல முடியுமா?

கார் ஆசையை அநாவசியம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டத்தில் கார் என்றால் நீண்ட காலமாகத் துரையின் கார்தான். அது வந்தால் ஒதுங்கி நிற்பதே பழக்கம். லயத்து வாசலில் தன் பிள்ளையின் கார் நிற்பதைப் பார்க்க ஒரு தாய் விரும்பினால் அதில் பெருமை மட்டுமல்ல, ஒரு நியாயமும் இருக்கிறது. நடுச்சாமத்தில் பிள்ளை வலி வந்தால் தோட்டத்து லொறியைத் தேடி ஓடிய காலத்தை மறந்தவர்கள் இங்கே இல்லை. 1990 அம்புலன்ஸ் சேவை வந்த பிறகு அந்தப் பயம் குறைந்தது. என்றாலும் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் வயதானவர்கள் இன்றும் சந்தி வரை நடந்துதான் போகிறார்கள்.

ஆகவே வாகனம் வேண்டாம் என்பதல்ல என் ஆலோசனை. இந்தக் காசுக்கு, இந்தப் பாதைக்கு, இந்தக் குடும்பத்துக்கு எந்த வாகனம், எந்த வழியில் என்பதுதான் கேள்வி. புதிதை ஓடர் பண்ணுவதில் ஒரு நன்மை உண்டு. வாகனத்தின் வரலாறு தெரியும், மீற்றரைத் திருப்பியிருப்பார்களோ என்ற பயம் இல்லை, முதல் சில வருடம் பெரிய திருத்தச் செலவு வராது. கையில் பாதிக்கு மேல் சொந்தக் காசும், நிலையான மாதச் சம்பளமும் உள்ளவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். அப்படி ஓடர் பண்ணுகிறவர்கள் முற்பணத்தைத் தனி ஆளின் கணக்கில் போடாமல் கம்பனிக் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டு எடுக்க வேண்டும். எல்.சி. யார் பெயரில் திறக்கப்படுகிறது, கார் பிந்தினால் அல்லது வராவிட்டால் முற்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் ஏஜெண்டிடம் முற்பணம் கட்டவே வேண்டாம்.

பதிந்த பழைய வாகனம் எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. "ஓபன் பேப்பர்" என்பார்கள். பழைய உரிமையாளரின் கையெழுத்து வைத்த படிவத்தோடு வாகனம் கைமாறும், பெயர் மாறாது. சட்டப்படி வாங்கியவர் 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். செலவு மிச்சம் என்று மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. அந்த முதல் உரிமையாளர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ வாகனம் இருந்தும் இல்லாத கதைதான். வன்னியில் யுத்த காலத்தில் வாங்கி விற்ற மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னர் பத்திரம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

லீசிங் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். கையெழுத்துப் போடுமுன் தமிழில் கேளுங்கள். தர மறுத்தாலோ, சொன்னதற்கு மாறாக அறவிட்டாலோ மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். 1935 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் வழி சொல்வார்கள். அந்தக் கம்பனி மத்திய வங்கியில் பதிந்ததா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

இத்தனையும் பேசி முடித்த பிறகுதான் இன்னொன்று எங்களுக்குத் தட்டுப்பட்டது. 21 இலட்சத்தில் 18 இலட்சம் யாருடையதோ அந்த மகளிடம் ஒருவரும் முறையாகக் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு நேரத்தில் வட்ஸ்அப்பில் எடுத்தோம். அம்மாவும் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள்.

"அண்ணன் கேட்டுச்சு, சரின்னேன். காரு எவ்வளவுன்னு யாரும் சொல்லலயே" என்றார் மகள். எழுபது இலட்சம் என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப நான் இன்னும் எத்தன வருசம் இங்க இருக்கணும்மா?"

அண்ணன்தான் பதில் சொன்னார். "இல்ல தங்கச்சி, நீ வா. வந்து பாத்துட்டு முடிவு எடுப்போம்."

மகளின் ஒப்பந்தம் அடுத்த வருடம் ஏப்ரலில் முடிகிறது. அதுவரை அந்த 18 இலட்சத்தை மகளின் பெயரிலேயே வங்கியில் நிலையான வைப்பில் போடுவது என்று முடிவானது. பத்திரம் அம்மாவிடம், பெயர் மகளுடையது. மகன் வான் ஓட்டத்தைத் தொடர்கிறார். ஹயர்க் கொப்பியையும் தொடர்ந்து எழுதுகிறார். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால் காரா, மரக்கறி ஏற்றும் சின்ன லொறியா, முச்சக்கர வண்டியா என்று அதைப் பார்த்தே பேசலாம் என்று அவரே சொன்னார். கெப்பெட்டிபொல பொருளாதார நிலையத்துக்கு மரக்கறி ஏற்றுகிறவர்களிடம் விசாரித்தும் வந்திருக்கிறார். மருமகள் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க மருத்துவச் சான்றிதழ் எடுத்துவிட்டார். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது வினாக் கொத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.

பதினைந்தாம் திகதி ஏஜெண்டு இரண்டு முறை தொலைபேசி எடுத்தார். இரண்டாம் முறை அக்காவே எடுத்துப் பேசினார்: "தம்பி, மக வரட்டும். காசு அவளோடது."